வாடைக்கு நன்றி சொன்ன சீலியக்கா

ஈரச் சாக்கு மணம்...

மாரி காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் கால் துடைக்க விரித்த சாக்கு காயவே காயாது. அதோடு குசினி அடுப்பில் இஞ்சி தட்டிப் போட்டு, பால் விடாத பிளேன்ரீ கொதிக்கிற மணம். இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் வாசலை எட்டிப் பார்ப்பேன்.

காரணம் ஒரு வெள்ளிக்கிழமை.

நான் அப்போது திருகோணமலை டவுனில் ஒரு ஃபாமசியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பாவுக்கு மூதூரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. பாலங்கள் வருவதற்கு முந்திய காலம். காலையில் லோஞ்சில், அதுதான் மோட்டார்ப் படகில், குடாவைக் கடந்து போவார், பின்னேரம் லோஞ்சிலேயே திரும்புவார்.

அன்று வாடைக்காற்று பேயாட்டம் ஆடியது. பின்னேர லோஞ்ச் வரவில்லை. வேலை விட்டதும் நேரே லோஞ்ச் கட்டுகிற ஜெட்டிக்குப் போய் விசாரித்தேன்.

"மூதூரில இருந்து வெளிக்கிட்டிட்டுதாம் பிள்ளை... அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியேல்ல" என்றார் டிக்கெட் கிழிக்கிறவர்.

வீட்டுக்கு வந்தால் முன்னறையில் பாய் விரித்து ஆட்கள் இருக்கிறார்கள்! வெள்ளிக்கு வெள்ளி ஒவ்வொரு வீடாகச் சுற்றி வருகிற வீட்டுச் செபம், அன்று எங்கள் முறை. அம்மா அதை நிறுத்தவும் இல்லை, அதில் போய் இருக்கவும் இல்லை. குசினிக்கும் வாசலுக்கும் ஒரே நடை. கேத்திலை அடுப்பில் வைத்தார், இறக்கினார், மறுபடி வைத்தார். கதிரையை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு எழும்பிவிட்டார்.

"லோஞ்ச் வெளிக்கிட்டிட்டுதாம் அம்மா."

"வெளிக்கிட்டது சரி, வந்திட்டுதோ?"

கடைசியில் அம்மா உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

எங்கள் செபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தன் கவலைக்குத் தானே செபிக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்ல வேண்டும். அவர் உங்களுக்காகச் செபிப்பார், நீங்கள் இன்னொருவருக்காக. யார் தொடங்கி வைத்ததோ தெரியாது, யாரும் மாற்றவும் இல்லை. அன்று அம்மாவுக்குப் பக்கத்தில் வாய்த்தவர் சீலியக்கா.

சீலியக்கா எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. தையல் மெஷின் வைத்துப் பிழைத்தார். அவருடைய புருஷன் மீன்பிடிக்கப் போனவர், திரும்பி வரவே இல்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. மற்ற நேரங்களில் சீலியக்காவின் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவது பெரும் பாடு. செபத்தில் தொடங்கினால் நிறுத்துவது அதைவிடப் பெரும் பாடு.

அம்மா அவர் காதில் "இவர் கடல்ல நிக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

சீலியக்கா கண்ணை மூடினார். இதோ அப்பாவின் பெயர் வரும், இதோ வரும் என்று நானும் காத்திருந்தேன்... வரவில்லை.

"ஆண்டவரே, நீர் பெரியவர். இந்தக் கடலுக்காக உமக்கு நன்றி. இந்த அலைகளுக்காக நன்றி. இந்த வாடைக்காத்துக்காக நன்றி..."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. செபத்துக்கு நடுவிலேயே வெடித்துவிட்டார்.

"என்னக்கா நீங்கள்? என்ர மனுசன் அந்தக் காத்துக்குள்ள கிடந்து தவிக்கிறார், நீங்கள் காத்துக்கு நன்றி சொல்லுறியளோ? நிப்பாட்டச் சொல்லிக் கேளுங்கோவன்!"

சீலியக்காவின் கதை தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. அம்மாவுக்கும் தெரியும்.

சீலியக்கா கோபிக்கவில்லை. கண்ணைத் திறந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"கேப்பன் தங்கச்சி, கேக்காம விடுவனே? ஆனா ஆண்டவர் கடலைவிடப் பெரியவர் எண்டு முதல்ல நான் எனக்குச் சொல்ல வேணும். அதைச் சொல்லாட்டி எனக்கு இந்தக் கரையில ஒரு நாளும் இருக்க ஏலாது."

பிறகு மறுபடி கண்ணை மூடி, அப்பாவின் பெயரைச் சொல்லி, உரக்கக் கேட்டார். அம்மா இருந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

செபம் முடிந்து, ஆட்கள் குடையை விரிக்கிற நேரம் அப்பா வந்தார். இடுப்பில் கட்டியிருந்தது யாருடையதோ கட்டம் போட்ட சாரம்! கடல் மோசமாகிவிட்டதால் லோஞ்சைக் கிண்ணியாப் பக்கம் ஒதுக்கிவிட்டார்களாம். அங்கே ஒரு முஸ்லிம் வீட்டில் காய்ந்த சாரமும் கொடுத்துச் சோறும் கொடுத்திருக்கிறார்கள். காற்றுத் தணிந்ததும் துறையைக் கடந்து, பஸ் பிடித்து வந்து சேர்ந்திருக்கிறார்.

அம்மா ஓடிப்போய்க் கட்டிப் பிடிப்பார் என்று நினைக்கிறீர்களா?

"தலையைத் துடையுங்கோ முதல்ல! தடிமன் காய்ச்சல் பிடிச்சா ஆர் பாக்கிறது?" என்று ஏசினார். எல்லோரும் சிரித்தோம். சீலியக்காவும் சிரித்தார். சிரித்தபடியே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் தனியாக நடந்து போனார்.

எங்கள் ஆள் வந்துவிட்டார். அவருடைய ஆள் வரவில்லை. இருவருக்கும் ஒரே ஆண்டவர்தானே... அன்று எனக்குள் புகுந்த இந்தக் கேள்வி இன்னும் வெளியே போகவில்லை. எந்தப் பங்குச் சுவாமியாரிடமும் கேட்கத் துணிவும் வரவில்லை.

இப்போது மூதூருக்குப் பாலத்தால் பஸ்ஸிலேயே போய்விடலாம். அம்மாவும் இல்லை, சீலியக்காவும் இல்லை. செபம் வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது. கவலையை எழுதிப் போட்டால் கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுகின்றன.

என் மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். கப்பல் எங்கே நிற்கிறது என்று ஃபோனிலேயே ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். அந்தப் பக்கம் புயலாம். நேற்றிலிருந்து புள்ளி அசையவில்லை. நான் அனுப்பிய மெசேஜில் இன்னும் ஒற்றை டிக்தான்.

அன்று அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது. எனக்கு எல்லாம் தெரிகிறது, காற்றின் வேகம் உட்பட. தெரிந்து என்ன பயன்? பயம்தான் கூடுகிறது. இதைக்கூட ஓரிடத்தில் இருந்து எழுதவில்லை, நின்றும் நடந்தும்தான் எழுதுகிறேன்.

இன்று விடியற்காலை முழங்காலில் நின்று "ஆண்டவரே, நீர் பெரியவர்" என்று தொடங்கினேன். அடுத்த சொல் வருவதற்குள் ஃபோன் சத்தம் போட்டது. விழுந்தடித்து ஓடினேன். ஏதோ கடை விளம்பரம்.

திரும்பி வந்து, முழங்காலில் நின்று, முதலிலிருந்து தொடங்கினேன்.