சி என்றால் ச

என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஓர் அட்டைத் துண்டு கிடக்கிறது. பிஸ்கட் பெட்டியிலிருந்து வெட்டியது. நடுவில் ஒரே ஒரு சொல் தெரியும் அளவுக்கு ஓட்டை. எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கிள்ளானில் ஆங்கிலம் கற்பித்தபோது, கடைசி வரிசைச் சிறுமி ஒருத்திக்காகச் செய்தேன். பத்து வயது. வரியைப் பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் மாறுது என்பாள். அட்டையை வைத்தால் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துவிடுவாள். வருடக் கடைசிக்குள் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்காவிட்டால் கோலாலம்பூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான தனிப்பள்ளிக்கு அனுப்பிவிடப் போவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அவள் அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு வந்து, "கூட்டாளிங்களோட இங்கயே இருக்கட்டும் டீச்சர், அவளுக்கு அது ஒண்ணுதான் சந்தோஷம்" என்று கெஞ்சினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிதாக வாக்குக் கொடுத்தேன்.

அந்த நாள் வந்தது. தலைமையாசிரியர் பின்னால் நிற்க, அட்டையை நகர்த்தி நகர்த்தி ஏழெட்டு வரி தப்பில்லாமல் வாசித்தாள். அடுத்து 'கேக்' என்ற சொல்; சி, ஏ, கே, இ. நெற்றியைச் சுருக்கிப் பார்த்து, "சாக்கே" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிள்ளைகள் சிரித்தால் போகட்டும், பாவி, நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் அட்டையை என் மேசையில் வைத்தாள். "மலாய்ல சி-ன்னா ச தானே டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவள் வாசிக்கவே இல்லை.

அவள் சொன்னது என் மண்டையில் ஏற ஒரு வாரம் ஆனது. மலாயையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். நான் படித்த காலத்தில், கோப்பைக்குச் சொல்லும் 'சாவான்' என்ற மலாய்ச் சொல்லை எழுத, சி-க்குப் பக்கத்தில் எச் போடுவோம். பிறகு எழுத்துமுறையை மாற்றி அந்த எச் எழுத்தை எடுத்துவிட்டார்கள்; சி மட்டுமே ச ஆனது. அவள் படித்தது புது மலாய். ஓடுகிற எழுத்துகளுக்கு நடுவே என்ன பாடுபட்டு அந்த ஒரு விதியைப் பிடித்து வைத்திருந்தாளோ, அதற்குத்தான் சிரித்திருக்கிறேன். தலைமையாசிரியரிடம் போய் விளக்கினேன். "லெட்டர் போயிருச்சு டீச்சர், விடுங்க லா" என்றார். அவள் இடம் காலியானது. தனிப்பள்ளியின் முகவரி என்னிடம் இருந்தும் நான் போகவில்லை. அவள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது.

இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கண் அறுவைக்குப் பிறகு வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. அவளுடைய அட்டையை வைத்துத்தான் ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறேன். இன்று காலை ஏதோ கடை விளம்பரத்தில் அதே சொல் ஓட்டைக்குள் வந்து நின்றது. "சாக்கே" என்று சத்தமாக வாசித்தேன். சிரிப்பதற்குக்கூட வீட்டில் ஆளில்லை.