தூங்குகிற பிள்ளைக்கு ஒரு மார்க்

முப்பது வருடமாகப் பாளையங்கோட்டையில் ஒரே பள்ளியில் பாடம் நடத்தியவளைப் போய்த் தகுதித் தேர்வு எழுதச் சொன்னால் கோபம் வராதா? எனக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இல்லாத தேர்வு அது. இப்போது தேறாவிட்டால் வேலை போய்விடும் என்றார்கள். ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருந்தது. இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் கணவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. மாதிரி விடைத்தாளை நகலெடுத்து வந்து, கறுப்புப் பேனாவையும் கையில் கொடுத்தார். "பைய நெரப்பு. வட்டத்த விட்டு வெளிய போவுது பாரு" என்று பக்கத்தில் உட்கார்ந்து அதட்டினார். பிள்ளைகளை நான் என்ன பாடு படுத்தியிருப்பேன் என்று அப்போதுதான் உறைத்தது.

தேர்வு மையத்தின் வாசலில் ஒரு குரல்: "டீச்சர், நீங்களுமா எழுதுதிய?"

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். இடுப்பில் கைக்குழந்தை.

"ஆமாட்டி, என்னையும் பெஞ்சுல உக்கார வச்சுட்டாவ" என்றேன். பீடி சுற்றும் அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு வேப்பமர நிழலில் ஒதுங்கினார்.

இருவருக்கும் ஒரே அறை. எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அவள். முதல் கேள்விக்கே, பேப்பர் திருத்தித் திருத்திப் பழகிய கை, வட்டத்தை நிரப்பாமல் டிக் போட்டுவிட்டது. பதறிப்போய் அதன்மேலேயே கறுப்பாக அப்பினேன்.

நாலைந்து கேள்வி தாண்டியதும் அது வந்தது. வகுப்பில் ஒரு மாணவி அடிக்கடி தூங்குகிறாள். ஆசிரியராகிய நீங்கள் என்ன செய்வீர்கள்? கீழே நான்கு விடைகள். முகம் கழுவி வரச் சொல்வேன். பெற்றோரை அழைத்துப் பேசுவேன். பாடத்தை ஆர்வமூட்டும் வகையில் நடத்துவேன். தலைமை ஆசிரியரிடம் தெரிவிப்பேன்.

நிமிர்ந்து அவள் முதுகைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில், ராத்திரியெல்லாம் அம்மாவுக்குத் துணையாகப் பீடி இலை வெட்டிவிட்டுத் தூக்கமில்லாமல் வருவாள். முதல் பாடவேளையிலேயே தலை சாய்ந்துவிடும். மற்றப் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு அவளைத் தூங்க விடுவேன். விட்டுப்போன பாடத்தை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சொல்லிக் கொடுப்பேன். அதற்கு அந்தத் தாளில் ஒரு வட்டமும் இல்லை. ஆத்திரமாக வந்தது. ஆனால் வேலை வேண்டுமே. மூன்றாவதாக இருந்த 'இ'யை நிரப்பினேன். பொய் சொன்ன மாதிரி கூச்சமாக இருந்தது.

முடிந்ததும் ஓடி வந்தாள். "அந்தத் தூங்குத பிள்ளைக் கேள்விக்கு என்ன போட்டிய டீச்சர்?"

"ஆர்வமூட்டுவேன்னுதான். மார்க்கு வேணும்லா."

"நானும் அதாம் போட்டேன்" என்று சிரித்தாள். "ஆனா சரியான விடை அங்கன இல்லயே டீச்சர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

"இப்படியும் ஒரு பரீட்சையாட்டி?" என்றேன்.

"அப்படிச் சொல்லாதிய டீச்சர். வேல கேட்டு எங்க போனாலும் அம்மா என்ன செய்யுதான்னு கேக்காவ. இந்தத் தாளு கேக்கல."

இத்தனை நாள் வாய் ஓயாமல் வைத தேர்வை, அன்று வையாமல் வீட்டுக்குப் போனேன்.

முடிவு வந்தது. அவளுக்கு நல்ல மதிப்பெண். நான் தேறுவதற்கு வேண்டிய மார்க்கை மட்டும் சரியாக எடுத்திருந்தேன். ஒன்று குறைந்திருந்தாலும் வீட்டில்தான் இருந்திருப்பேன். அந்த 'இ'தான் என்னைக் காப்பாற்றியது என்று கணவர் இன்னும் கேலி செய்கிறார். செய்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் முதல் பாடவேளையில், மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி தலை சாய்ந்துவிட்டாள். மற்றவர்களைச் சத்தமில்லாமல் வாசிக்கச் சொன்னேன்.