கதவு வரைக்கும் நேரம்

மட்டாஞ்சேரியிலிருந்து காலை ஏழே முக்காலுக்குப் புறப்படும் பஸ்ஸில் ஏழு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அவள். ஒல்லியான உடம்பு, கறை படிந்த விரல் நுனிகள். களமசேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஃபைபர் செய்ய உதவும் ரெசின் என்ற பிசினைக் கலக்கும் வேலை. தோப்பும்படி பாலம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, கரையில் நிற்கும் மீன்பிடிப் படகுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

ஒருநாள் பையிலிருந்து இரண்டு ஃபைபர் துண்டுகளை எடுத்தாள். இரண்டையும் கொளுத்திப் பார்த்திருந்தார்கள். ஒன்று உருகி வழிந்திருந்தது. மற்றதில் கரி தோல் போல மூடி, உட்புறம் அப்படியே இருந்தது. அதைக் காட்டினாள்.

“இதுல கண்ணுக்கே தெரியாத களிமண் பொடி கலந்திருக்கு, சேச்சி.”

“அப்போ தீயே பிடிக்காதா?”

“பிடிக்கும். ஆனா மெதுவா. எங்க வீட்டுக்காரருக்கு மீன்பிடி போட்டுல சமையல் வேலை. அடுப்பும் படுக்கையும் ஒரே ஃபைபர் கேபின்ல. கதவு வரைக்கும் வர நேரம் கிடைச்சா போதும்.” பிறகு சிரித்தாள். “மீன்கறிச் சட்டியையும் தூக்கிட்டுத்தான் வருவார் அந்த மனுஷன். அதுக்கும் சேர்த்து நேரம் வேணும்.”

மழைக்காலம் முடிந்தபின் அவள் வரவில்லை. அந்தக் கலவை படகுகளுக்குப் போனதா என்று கேட்க எனக்கு வேறு ஆளில்லை. இப்போது பாலத்தில் நான்தான் படகுகளைப் பார்க்கிறேன். எல்லாக் கேபின்களும் ஒரே வெள்ளை. எதில் அவளுடைய பொடி இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரிவதில்லை.