களிமண் மேட்டு வீடு

பூகோள டீச்சருக்கு உலகத்தில் பாதிப் பேரைக் கண்டால் ஆகாது. மீதிப் பேரை அவள் இன்னும் சந்திக்கவில்லை. தலை நரைத்த பிறகும் ஏழாம் வகுப்புக்கு மண்ணையும் மலையையும் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தாள். பூமிக்கு வயது ஏறத்தாழ நானூற்றைம்பது கோடி ஆண்டுகள் என்று எழுதிவிட்டுத் திரும்பினால், கடைசி பெஞ்சில் ஒருத்தன் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான். “பூமிக்கே வராத அலுப்பு உனக்கு வந்துடுச்சா?” என்பாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை செய்துகொண்டவனைப் பார்த்தபோது தன் முடிவு சரிதான் என்று தோன்றியது. பழைய கார்களை நேற்றுச் செய்ததுபோலப் பேசி விற்பவன் அவன். அதே வாயை நம்பி, கடலோர மேட்டின் விளிம்பில் வீடு கட்டினான்.

வீட்டைப் பார்க்க டீச்சரை அழைத்துப் போனார்கள். கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கொஞ்சம் புல்வெளி, வேலி, அப்புறம் ஆகாயம்தான். டீச்சர் வேலியோரம் குனிந்து ஒரு கட்டியைப் பெயர்த்தாள். விரல் பட்டதும் பொடிந்தது.

“மாப்பிள்ளை, இது பாறை இல்ல. காய்ஞ்ச களிமண்.”

“கோடி வருஷமா நிக்குதுக்கா. என் காலத்துலயா விழப்போகுது?”

“நிக்கல. விழுந்துக்கிட்டே இருக்கு. கடல் ஏன் கீழ பால் விட்ட டீ மாதிரி கிடக்கு? உங்க நிலத்தைத்தான் கரைச்சுக் குடிக்குது. நீங்க வேற மேல இருந்து தண்ணி ஊத்துறீங்க.”

அவன் சிரித்துக்கொண்டே புல்வெளிக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான்.

அந்த மழைக்காலத்தில் முதலில் வேலி போனது; கம்பிகள் அந்தரத்தில் ஊசலாடின. அடுத்த வாரம் குளியலறை போனது. நல்லவேளை, ஆளுக்குச் சேதமில்லை. தங்கையும் கணவனும் டீச்சர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள், கூடவே யானைக்குட்டி போல ஒரு சோபாவும். சமையலறைக்குப் போக டீச்சர் தினமும் அதன் கையைத் தாண்ட வேண்டியிருந்தது.

வீட்டை இழந்தவன் வெட்கப்படுவான் என்று பார்த்தால், அவன் நிபுணனாகிவிட்டான். வந்தவர் போனவருக்கெல்லாம் மண் அரிப்பைப் பற்றி வகுப்பெடுத்தான். கடைசியில் டீச்சரின் தலைமை ஆசிரியையே, “பாதிக்கப்பட்டவர் பேசினா பிள்ளைங்க மனசுல பதியும்” என்று அவனைப் பள்ளிக்கு அழைத்தாள். இத்தனை வருடமும் தான் பேசியது எங்கே பதிந்ததோ என்று டீச்சர் பல்லைக் கடித்தாள்.

மேடையில் அவன் அழகாகப் பேசினான். கார் விற்றவன் அல்லவா! பேச்சு மழையிலிருந்து பருவங்களுக்குத் தாவியது. “பூமி சூரியன்கிட்ட போறப்ப கோடை, தள்ளிப் போறப்ப குளிர். அவ்வளவுதான் பசங்களா!”

டீச்சர் எழுந்துவிட்டாள். “தப்பு! கிட்ட போற மாசத்துலதான் பாதி உலகம் குளிர்ல நடுங்குது. பூமி சாய்ஞ்சு சுத்துறதாலதான் பருவம் மாறுது.”

“எங்கக்கா வீட்லயும் இப்படித்தான்” என்று அவன் கண்ணடித்தான். “காபி ஆறினாக்கூட காரணம் சொல்லுவாங்க.”

அரங்கமே சிரித்தது. அவள் வகுப்புப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அதுதான் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் அடுத்த குண்டைப் போட்டான். “ஆத்தோரமா ஒரு மனை பாத்திருக்கேன். ஆறு வளையுதுல்ல, அந்த வெளிப்பக்கம். தண்ணி வாசலுக்கே வரும்.”

ஆற்றின் வெளிவளைவில்தான் கரை அதிகம் கரையும் என்று ஏழாம் வகுப்புக் கொட்டாவிக்காரனுக்கே தெரியும். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் தங்கை குறுக்கிட்டாள்.

“நீங்க போங்க. நான் வரல.”

“என்ன விளையாடுறியா?”

“குளிச்சுட்டு, தலையத் துவட்டிக்கிட்டே வெளிய வந்தேன். திரும்பிப் பாத்தா பின்னால சுவர் இல்ல. நீங்க அப்ப வாசல்ல நின்னு போன்ல வண்டி வித்துக்கிட்டிருந்தீங்க.”

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டீச்சரின் நாக்கு நுனியில் நின்ற ஏளனம் அப்படியே உள்ளே இறங்கியது. எழுந்து போய்த் தன் அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலி செய்தாள். “உன் புடவைங்கள இங்க வை.”

அவன் சோபாவை ஏற்றிக்கொண்டு போனான். ஆற்றோரம் வீடும் கட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். காற்று எப்படி, காட்சி எப்படி என்று அளப்பான். தங்கை பரிமாறுவாள். கரை எப்படி இருக்கிறது என்று டீச்சர் கேட்பதில்லை. அவன் செருப்பிலிருந்து வாசலெல்லாம் உதிர்ந்து கிடக்கும் ஈரச் சேற்றைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு துடைப்பத்தை எடுப்பாள்.