ஐந்து றெக்கை இம்பெல்லர்

வார்ப்பிரும்புச் சக்கரத்தின் நடுத்துளையில் ஆணியை நிறுத்தி, அதில் அட்டையைச் செருகி, இரண்டு விரல்கள் மெல்லத் திருப்பின. உடையாத ஒரு றெக்கையின் வளைவுக்கு வெட்டிய அட்டை. வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு திருப்பியதும் அடுத்த றெக்கைமேல் அச்சாகப் படிந்தது. இன்னொரு பங்கு திருப்பியதும் கீழே றெக்கை இல்லை. ஒடிந்த தடம்தான் இருந்தது. விரல்கள் அங்கே சாக்பீஸ் கோடு இழுத்தன.

ராஜபாளையத்தில் கியாஸ் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சோலைராஜின் விரல்கள். நூல்மில் ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். பழைய இரும்பைக் கெடுத்துக் கெடுத்தே தொழில் படித்தார். வேலை முடியுமுன் யாருக்கும் நம்பிக்கை சொல்லமாட்டார்.

எதிரே மகாராஜபுரம் குருவம்மாள் நின்றாள். அவள் கிணற்று மோட்டார் கல்லை இழுத்து, உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இந்த இம்பெல்லர் சக்கரத்தில் ஒரு றெக்கை போய்விட்டது. நெல் பால்பிடிக்கும் நேரம், வயல் வெடித்துக் கிடந்தது. பழைய மோட்டார் என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளிலும் மாற்று இல்லை.

"ஒடிஞ்சது ஒண்ணு. இன்னொண்ண ஏங்க்கா அறுத்திய?"

"செட்டியார்பட்டிக்காரருக்கு ஒண்ணு ஒடிஞ்சப்ப நீங்கதான தம்பி எதிர்றெக்கைய அறுத்து ஓடவிட்டிய? அவிய சொன்னத நம்பி நானே அறுத்துட்டேன்."

"அது ஆறு றெக்கை. ஒண்ணுக்கு நேரா ஒண்ணு நிக்கும். ரெண்டையும் எடுத்தா, அரைச்சுத்துக்கு ஒருக்கா அதே உருவம் வரும், ஆடாது. இது அஞ்சு. எதுக்கும் நேர் எதிரே எதுவும் கிடையாது. அஞ்சும் இருந்தாத்தான் ஓடும்."

"எதிராளி இல்லாத வீட்டுல போயி சண்ட போட்டிருக்கேன்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இரும்புத் தகட்டில் இரண்டு றெக்கை வளைத்து, கோட்டின்மேல் நிறுத்திப் பித்தளைக் கம்பியால் பற்றவைத்தார். சூட்டோடு சக்கரத்தைச் சாம்பலில் புதைத்தார்.

"தண்ணி ஊத்துனா சீக்கிரம் ஆறுமே தம்பி. பயிரு காயுது."

"ஊத்துனா விரிசல் விடும். பொறவு பழைய இரும்புக்குத்தான் போடணும்."

அவள் சாம்பலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆறியதும் நடுவில் கம்பி கோத்து, மட்டம் பார்த்த இரண்டு இரும்புப் பட்டைகள்மேல் குறுக்கே வைத்து எடை பார்த்தார். புது றெக்கை ஒன்று கனத்துக் கீழே இறங்கியது. அரத்தால் ராவினார். மறுபடி இறங்கியது. மறுபடி ராவினார். கடைசியில், எங்கே நிறுத்தினாலும் சக்கரம் அங்கேயே நின்றது.

"ஓடுமா?"

"தெரியலக்கா. மாட்டிட்டு ஒரு கைய சுவிட்சுலயே வைங்க. அதிர்ந்தா உடனே அணைச்சிருங்க. அதுக்குமேல இதுல செய்ய எங்கிட்ட ஒண்ணுமில்ல."

குருவம்மாள் முந்தானையை விரித்து நீட்டினாள். சோலைராஜ் சக்கரத்தை அதில் வைத்தார்.