கேள்வித்தாளோடு அலைந்த கண்ணாயிரம்

பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் கண்ணாயிரம் சார் கண்டக்டரிடம் போய், இந்த ரூட்டில் காலையில் கூட்டம் ஜாஸ்தியா, சாயங்காலம் ஜாஸ்தியா என்று விசாரிப்பார். டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்குவதற்குள், பால் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டுவிடுவார். சம்பளம் இல்லாமலேயே இப்படிக் கேட்கிற மனிதர். சம்பளம் கொடுத்துக் கேட்கச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீஸ் திருவூடல் தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆபீஸ் என்பது பெரிய வார்த்தை. இரண்டு மேசை, ஒரு பீரோ, கட்டுக் கட்டாகக் கேள்வித்தாள். பல்கலைக்கழகங்களிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்துக் கொடுப்பது வேலை. அவர் எழுபத்து நாலில் சேர்ந்தவர். நான், சந்திரகலா, எழுபத்தாறில் சேர்ந்தேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். அவர் சூப்பர்வைசர் ஆனபிறகு சார் என்று கூப்பிட்டு அப்படியே பழகிவிட்டது.

அவர் வீடு போளூர் ரோட்டில். மனைவி கஸ்தூரி, மகள் வேதா. எனக்கு அந்த வீட்டைப் பற்றித்தான் கவலை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர் ஊர் ஊராகப் போய்த் தங்கிக்கொண்டே இருந்தார். வீடு அவர் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் அது தெரிந்தது. ஊர் உலகத்தையெல்லாம் விசாரித்த ஆளுக்கு மட்டும் தெரியவில்லை.

முதலில் வந்தவர் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். புது ரக நெல் வந்து, கிணற்றுக்குக் கிணறு பம்புசெட் ஓடத் தொடங்கிய காலம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை, உரம் எவ்வளவு, நடவுக்கு எத்தனை ஆள், என்ன கூலி. எல்லாம் எண்தான். தண்டராம்பட்டு பக்கம் ஒரு கிராமத்தில் எட்டு மாதம் தங்கி கண்ணாயிரம் எழுதினார். அங்கே நடவு வேலை செய்கிற ஆராயி என்ற பெண், கூலியைக் கேட்டு எழுதிக்கொண்டு எழுந்தவரை நிறுத்தினாளாம்.

"ஏம்பா, கூலிய எழுதிக்கின. யாரு எங்களக் கூப்புடுவாங்க, யாரு கூப்புட மாட்டாங்கன்னு கேக்கவே இல்லியே."

தாளில் அதற்குக் கட்டம் இல்லை. அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்த அரிப்பு. பேராசிரியரிடம் கேட்டால், "அது சமூகவியல்காரர்கள் பார்க்க வேண்டியது" என்று சொல்லிவிட்டார். சரி என்று அடுத்த வருஷமே ஒரு சமூகவியல் ஆய்வில் சேர்ந்து அதே ஊருக்குப் போனார். எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போகிறார்கள், கூட்டுக் குடும்பம் எப்போது இரண்டாகிறது, எதனால் ஆகிறது என்பதெல்லாம் அதில் வந்தன. ஆராயியின் கேள்விக்குக் கட்டம் கிடைத்தது. ஆனால் அந்தத் தெருவுக்கு மட்டும் ஏன் குழாய் வரவில்லை என்பதற்கு அதிலும் கட்டம் இல்லை. அது அரசியல் அறிவியலாம்.

எழுபத்தேழு தேர்தலுக்கு அரசியல் அறிவியல்காரர்கள் வந்தார்கள். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று நேராகக் கேட்கக் கூடாது. யார் பேச்சைக் கேட்டுப் போட்டாய், பஞ்சாயத்தில் யார் சொன்னால் காரியம் நடக்கும் என்று சுற்றிவளைத்துக் கேட்க வேண்டும். ஆராயி மூன்றாவது தடவையாக இவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டாளாம். "போன தபா கேட்டதுக்கே பதில் என்னாச்சுன்னு நீ சொல்லல" என்றாளாம். இவர் அதைப் பெருமையாக எங்களிடம் வந்து சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்படியே போனது. ஒவ்வொரு தாளும் ஒன்றை விட்டுவிடும். விட்டதைப் பிடிக்க இவர் அடுத்த தாளின் பின்னால் ஓடுவார். ஒரு தடவை செங்கம் பஸ்ஸில் ஜன்னல் வழியாக ஒரு கிணற்றைக் காட்டி, இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

"அந்தக் கிணறு எத்தன ஏக்கர் பாயும்னு எகனாமிக்ஸ் கேக்கும். யாரு அதுல தண்ணி மொள்ளலாம், யாரு மொள்ளக் கூடாதுன்னு சோஷியாலஜி கேக்கும். எத்தன அடில பாற, இந்த ஊர்ல மட்டும் ஏன் தண்ணி கீழ போவுதுன்னு புவியியல்காரன் கயிறு விட்டு அளப்பான். வெட்டின காலத்துல யாரு பேர்ல இருந்துச்சுன்னு தாலுக்கா ஆபீஸ் பழைய ரிஜிஸ்டர்ல வரலாறு தேடும். வத்திப் போனப்புறம் அந்த ஆளு ஏன் யார்கிட்டயும் பேசறதில்லன்னு கேட்டா, அது சைக்காலஜி. கிணறு ஒண்ணுதாம்மா. அத முழுசா பாத்தவன் ஒருத்தன் இருக்கானா சொல்லு."

"வீட்டுக்குப் போயி எத்தன நாளாச்சு சார்?" என்று கேட்டேன்.

"போவணும்" என்றார். பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார்.

எழுபத்தொன்பது கடைசியில் ஒரு வெளிநாட்டு அம்மாள் வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கினார். மானிடவியல். அவரிடம் கேள்வித்தாளே கிடையாது. ஒரே இடத்தில் ஒரு வருஷம் இருந்து, ஜனங்கள் தங்கள் வாயால் எதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாயிரத்துக்கு அது கைவரவில்லை. சும்மா கவனி என்றால் கால் தானாக நடக்க ஆரம்பித்துவிடும். அதனால் அந்த அம்மாள் ஒரு வேலை கொடுத்தார். மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருவில் சாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் நடக்கும். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி தனியாக மலையைச் சுற்றிவிட்டு வருவார். இதில் நியாயம் யார் பக்கம் என்று ஊர்ப் பெண்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னார்.

பொங்கலுக்கு இரண்டு நாளும் வீட்டுக்குப் போகாமல் அறுபத்தி நாலு பெண்களைக் கேட்டு எழுதினார். மூன்றாம் நாள் கஸ்தூரி வேதாவைக் கூட்டிக்கொண்டு, தூக்கில் சர்க்கரைப் பொங்கலோடு ஆபீஸ் மாடியேறி வந்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"எல்லாரையும் கேட்டிருக்கீங்க. எங்கிட்ட கேக்கலயே?"

"வீட்டு ஆளுங்கள கேக்கக் கூடாது கஸ்தூரி. ரூலு அப்படி."

அவள் நோட்டை மூடி வைத்தாள். "நீங்க இப்படியே போனீங்கன்னா, ஒரு நாளு வீட்ல உங்களுக்கு எடம் இருக்காது. சொல்லிட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. அவர் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே பொங்கலைச் சாப்பிட்டார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரமாக வந்தது.

எண்பத்திரண்டில் கஸ்தூரிக்குச் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் மாடிப்படி ஏறி வரவில்லை. இவர் சைக்காலஜிகாரர் கொடுத்த படச் சீட்டுகளை வைத்துக்கொண்டு போளூர், செங்கம் என்று சுற்றினார். அது முடிந்து கிணறு அளக்கிற ஆய்வு. அதுவும் முடியவில்லை, அதற்குள் இன்னொன்று.

எண்பத்தைந்தில் ஒரு குடும்ப ஆய்வு வந்தது. ஊரிலும் கிராமத்திலும் குடும்பம் எப்படி மாறுகிறது என்பது விஷயம். எங்கள் பத்துப் பேருக்கும் பயிற்சி கொடுத்தவர் கண்ணாயிரம் சார்தான். குடும்ப உறுப்பினர் என்றால் யார் என்பதை மூன்று தடவை சொன்னார். ஒரே அடுப்பில் சாப்பிட வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதமாவது அந்த வீட்டில் தங்கியிருக்க வேண்டும். இரக்கப்பட்டு யாரையும் சேர்க்காதே, மொத்த ஆய்வும் கெட்டுப்போகும் என்றார்.

வார்டு பட்டியலில் இருபதுக்கு ஒரு வீடு எடுத்தோம். நாற்பத்தேழாம் எண் போளூர் ரோட்டில் கஸ்தூரி வீடாக வந்து விழுந்தது. அந்த வாரம் அவர் வந்தவாசி பக்கம் மேற்பார்வைக்குப் போயிருந்தார். வீட்டை மாற்றிக்கொள்ள விதியில் இடமில்லை. வேறு வழியில்லாமல் நான் போனேன்.

கஸ்தூரி மறுக்கவில்லை. பாய் போட்டு உட்காரச் சொன்னாள்.

"இந்த வீட்ல எத்தன பேரு கஸ்தூரி?"

"ரூலு என்னாக்கா?"

சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"அவரு இந்த ஒரு வருசத்துல எண்பத்தி மூணு நாள் இருந்தாரு. அதுல பதினோரு நாள் காய்ச்சல்ல படுத்திருந்தது. எழுதுங்க, ரெண்டு பேரு."

"குடும்பத் தலைவர்?"

"நான்தான்."

கடைசிப் பக்கத்தில், வெளியே தங்கியிருக்கும் கணவரின் பெயர் என்று ஒரு கட்டம். இந்தக் கட்டத்தில்தான் எங்களுக்கு எப்போதும் பாடு. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள். பிள்ளை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவார்கள். விட்டுவிட்டுப் போனவன், இனி வேண்டாம் என்று இவர்களே தலைமுழுகிவிட்டவன், இவன் பேரைத்தான் பட்டென்று சொல்வார்கள். பத்து வருஷம் வீடு வீடாக ஏறியவர்களுக்கு அது தெரியும். எனக்குப் பேர் தெரியும்தானே என்று நானே எழுதப் போனேன்.

"கேளுங்கக்கா. கேக்காம எழுதாதீங்க" என்றாள்.

கேட்டேன்.

"கண்ணாயிரம்" என்றாள். ரேஷன் கடையில் யாரோ ஒருவருடைய பேரைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு அவசரமாக வெளியே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் வந்து, பூர்த்தியான தாள்களைச் சிவப்பு மையில் சரிபார்த்தார். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம். நாற்பத்தேழில் பேனா ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் நின்றது. மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். விரல் விட்டு எண்ணினார். வைகாசி, ஆனி, ஆடி என்று உதடு அசைந்தது.

"சரியாத்தான் எழுதியிருக்க" என்றார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "பேரு யாரு சொன்னது? வேதாவா?"

"வேதா ஸ்கூல் போயிருந்துச்சு சார்."

"பக்கத்து வீட்லயா?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "இல்ல சார். அவங்களே சொன்னாங்க."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கீழே கடையில் யாரோ பாத்திரத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தாளைக் கட்டிலிருந்து தனியாக உருவி, "பத்துக்கு ஒண்ணு திரும்பக் கேட்டு சரிபாக்கணும் இல்ல, இத எடுத்துக்கறேன்" என்றார்.

"சொந்த வீட்ட நீங்க எடுக்கக் கூடாது சார்."

"தெரியும். நீ கூட வா."

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனோம். கஸ்தூரி மறுநாள் சத்துணவுக்குப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேதா உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி அவரையும் பரீட்சை அட்டையையும் பார்த்தாள். "உக்காருங்க" என்றாள், யாரோ ஆபீஸர் வந்ததைப் போல. அவர் உட்கார்ந்து, மற்ற வீடுகளில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"இந்த வீட்ல எத்தன பேருங்க?"

"ரெண்டு பேரு."

எழுதினார். அடுப்பு எது, தண்ணீர் எங்கிருந்து, வேதா எந்த வகுப்பு என்று வரிசையாகக் கேட்டார். பாதிக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை என்பது அவர் எழுதுகிற வேகத்திலேயே தெரிந்தது.

"கஷ்டம்னா யார்கிட்ட கலந்து பேசுவீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"ஏன்?" இந்தக் கேள்வி தாளில் இல்லை.

"சொன்னா உங்க கட்டத்துல அடங்காது."

அவர் தாளைத் திருப்பி வெறும் பக்கத்தை மேலே வைத்தார். "சொல்லு கஸ்தூரி" என்றார்.

சொன்னாள். வேதாவுக்கு அம்மை போட்ட பதினைந்து நாளும் தனியாக இருந்ததைச் சொன்னாள். மழையில் கூரை ஓடு விழுந்ததை, அவளுடைய அப்பா செத்ததற்கு இவர் இரண்டாம் நாள் வந்து நான்காம் நாள் போனதை, எல்லாம் பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். பக்கம் நிறைந்து, ஓரத்திலும் எழுதினார். அறுபத்தி நாலு பேரைக் கேட்டவர் இவளை முதல் தடவையாகக் கேட்கிறார் என்று எனக்கு மனசு ஆறவில்லை.

பிறகு தாளைத் திருப்பினார். மிச்சம் ஒரு கட்டம்.

"வெளிய தங்கியிருக்கற புருஷன்... பேரு?"

கஸ்தூரி இப்போதுதான் நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். வாய் திறந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். முறம் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

"வேதா, இங்க வா" என்றாள். "உங்கப்பா பேரு என்னான்னு கேக்கறாங்க. சொல்லு."

வேதா வாசற்படிக்கு வந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, அவருக்கே தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, பேரைச் சொன்னாள்.

அவரால் எழுத முடியவில்லை. அட்டையை வாங்கி நான்தான் எழுதினேன்.