பீரங்கி இல்லாத வண்டி

ஆகையால் இனி யாரும் அவனைப் பீரங்கிக்காரன் என்று சொல்லாதீர்கள். நானும் இத்தனை நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அண்ணன் மகன் ஏகாம்பரம் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான்.

விழுப்புரத்து லாரி ஷெட்டில் அவனோடு வேலை பார்த்தவர் காலை ரயிலில் வந்தார். வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன். "மூணு நாளா ஜுரம். நேத்து மத்தியானம் போயிட்டாருங்கம்மா" என்றார். முறத்தைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர்தான் வாங்கி வைத்தார்.

யுத்தம் முடிந்து பர்மாவிலிருந்து அவன் கொண்டுவந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிய இரும்பு வண்டி, முன்னால் சாய்ந்து நீண்ட ஒரு கம்பம், பக்கத்தில் இவன். தானாக ஓடும் பீரங்கி வண்டியில் இருந்தவன் என்று ஒலக்கூர் முழுவதும் பேச்சு. அவன் மறுக்கவில்லை.

எனக்குப் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. செத்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே? "எத்தினி பேருடா?" என்று ஒருநாள் கேட்டேன். "எண்ணல அத்தை" என்றான். அன்றைக்கே முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அந்தப் பாவம் தீர நாற்பத்தெட்டு கிருத்திகைக்கு உப்பில்லாமல் இருந்து, மயிலம் மலைக்கு நடந்தே வருவேன். அது முடிகிற வரைக்கும் குலதெய்வத்துக்கு அவன் கற்பூரம் ஏற்றக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அண்ணனின் திதிக்குக்கூட வெளியில் வேப்பமரத்தடியில்தான் நின்றான். "நீயே ஏத்து அத்தை. என் கையில கருகல் வாசன இன்னும் போவல" என்றான். வெடிமருந்து வாசனை என்று நினைத்தேன்.

போன தையில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு நம் வண்டி ஏரிச் சேற்றில் இறங்கியதே, அப்போது நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். வண்டிக்காரர் மாட்டை அடிக்க, இவன் கம்பைப் பிடுங்கினான். "மாட்ட ஏன் அடிக்கிறீங்க? மொதல்ல சேத்த வெட்டுங்க. அப்புறம் இழுக்கலாம்." புளியமரத்தில் கயிற்றைச் சுற்றி, அரை மணியில் வண்டியைக் கரையேற்றினான். "பீரங்கிக்காரரு இப்ப மாட்டுவண்டி தள்றாரு" என்று கேலி செய்தீர்கள். அவனும் சிரித்தான்.

கருமாதியன்று கூட்டேரிப்பட்டிலிருந்து சூசை வந்தார். பர்மாவில் இவனோடு ஒரே வண்டியில் இருந்தவர். நான் விரதத்தைப் பற்றிச் சொன்னேன். இன்னும் பதினேழு கிருத்திகை பாக்கி, போன இடத்திலாவது அவனுக்கு அந்தப் பாவம் ஒட்டாமல் இருக்கட்டும், அதையும் நடந்து முடிப்பேன் என்றேன். அவர் இலையில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"பாவமா? அவரு ஒரு குண்டு சுட்டதில்லீங்கம்மா."

"பீரங்கி வண்டியிலதானே இருந்தான்?"

"அது வேற, எங்க வண்டி வேற. பீரங்கி வண்டி எட்டத்துல நின்னு சுடும். எங்க வண்டில பீரங்கியே கெடையாது, கம்பமும் சங்கிலியும்தான். அடிபட்டு நிக்கிற டேங்க இழுத்துக்கினு வரணும். சண்ட நடந்துக்கினு இருக்கும்போதே போவோம்."

"அப்ப எண்ணலன்னு சொன்னானே?"

சூசை இலையை மடித்தார். "இழுத்துக்கினு வந்த டேங்குக்குள்ள ஆளுங்க இருப்பாங்கம்மா. எரிஞ்சி போயி. அவுங்கள எறக்கறதும் நாங்கதான். ஏகாம்பரம் எறக்குனவங்கள யாரு எண்றது?"

முப்பத்தொரு கிருத்திகை நடந்திருக்கிறேன். திரும்பி வரும்போதெல்லாம் கால் வீங்கும். அன்றைக்கு ஊருக்கு வந்து அவனே வெந்நீர் வைத்து ஊற்றுவான், வாயைத் திறக்க மாட்டான். செத்தவர்களைக் கையால் எடுத்து இறக்கியவனை வேப்பமரத்தடியில் நிறுத்திக் கற்பூரம் ஏற்றியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செய்திருப்பேனா? முருகனாவது சொல்லியிருக்கலாம். இருவரும் சேர்ந்து என்னை நடக்கவிட்டார்கள்.

போட்டோ என்னிடம் இருக்கிறது. பாக்கிக் கிருத்திகைகளை அவன் இறக்கியவர்களுக்காக நடக்கப் போகிறேன். அந்த நடைதான் அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

போட்டோவைத் துடைக்கும்போது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அவன் வந்திறங்கிய அன்று அந்தக் கம்பத்தைக் காட்டி, "பாருங்கடி, எங்க ஏகாம்பரத்தோட பீரங்கி" என்று தெருவைக் கூப்பிட்டவள் நான்தான். "அத்தை, அது பீரங்கி இல்ல" என்று அவன் ஆரம்பித்தான். "சும்மா இருடா, கண்ணு படும்" என்று அவன் வாயைப் பொத்தி, நெற்றியில் விபூதி பூசினேன்.